மேசைக்காரருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ராக்கெட் பைத்தியங்களே,

இதை இடது கையின் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வரிக்கு மூன்று பிழை விழுகிறது. திருத்தப் போனால் நாலாவது முளைக்கிறது. எங்காவது ஒற்று விட்டுப்போயிருந்தால் இலக்கணப் புலிகள் இந்த ஒரு முறை கண்டுகொள்ள வேண்டாம்.

நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே நின்று பார்த்தீர்கள். மீதிப் பேர் அன்று இரவுக்குள் பார்த்தவர்களைவிட விவரமாகத் தெரிந்துகொண்டீர்கள். ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிடுகிறேன்: ராக்கெட்டை உந்துகிற மோட்டார்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பாராசூட்டும் செய்தது. நம் மாதிரி ராக்கெட் பாதுகாப்பு விதிகளின் கடைசியில், மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ மாட்டிய ராக்கெட்டை எடுக்கப் போகாதே என்று இருக்கிறது. கடைசி வரைக்கும் படிக்காமல் மரத்தில் ஏறி விழுந்தவன் நான்தான்.

எல்லோருக்கும் தனித்தனியே எழுதத்தான் ஆசை. விரல் இடம் கொடுக்கவில்லை, அதனால் கூட்டாகச் சொல்லிவிடுகிறேன். விழுந்தவனைச் சட்டென்று தூக்கி நிறுத்தாமல், அசையாதே அசையாதே என்று அதட்டிக்கொண்டே இருந்தவர்களுக்கு. யாரோ ஆசையாக வாங்கி வைத்திருந்த பெரிய அட்டைக் குழாயை நீளவாக்கில் பிளந்து என் கைக்கு முதல் சிம்பு கட்டியவருக்கு, மருத்துவர் அதைப் பிரிக்கும்போது "இதை யார் கட்டினது?" என்று கேட்டார், திட்டுவதற்காக அல்ல. முறை வைத்து இரவுகளில் வார்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. பல வருடங்களாகப் பிரிக்காமல் பூட்டி வைத்திருந்த, பாகங்களைச் சேர்த்துக் கட்டுகிற ராக்கெட் கிட்டுகளை எனக்காக ஏலத்தில் விட்டவர்களுக்கும், தேவையே இல்லாமல் அவற்றை ஏலம் எடுத்தவர்களுக்கும். படிவங்களை எனக்குப் பதில் நிரப்பிக் கொடுத்தவருக்கு. நான் படுத்திருந்தபோது வீட்டுக்கு வந்து, என் மேசையில் இறைந்து கிடந்த மோட்டார்களைச் சக்தி வாரியாக ஏ வேறு, சி வேறு, டி வேறு என்று பிரித்து, அவற்றைப் பற்றவைக்கும் இக்னைட்டர்களைத் தனியாக எடுத்து, சூடு படாத இடத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போன இருவருக்கு. உங்கள் இருவரால்தான் வீட்டில் உள்ளவர்கள் அந்த மேசை இருக்கும் அறைக்குள் மறுபடி கால் வைத்தார்கள்.

வார்டில் வகுப்பெடுத்தவரையும் விட முடியாது. "ராக்கெட் விட்டு அடிபட்டவர்" என்றுதான் அங்கே என் பெயர். வருகிறவர்கள் எல்லோரும் பட்டாசு என்றே நினைத்தார்கள். நம் நண்பருக்குப் பொறுக்கவில்லை. காயத்துக்கு மருந்து மாற்ற வந்தவரை நிறுத்தி வைத்து ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்து அமெரிக்காவில் பையன்கள் இரும்புக் குழாயில் தாங்களே எரிபொருளை அடைத்து விரல்களை இழந்துகொண்டிருந்தது. வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அந்த ஆபத்தைப் பற்றி 1957இல் ஒரு பத்திரிகையில் எழுதியது. நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் அதைப் படித்துவிட்டு, தான் செய்திருந்த காகித உடம்பு ராக்கெட்டுகளையும், தீர்ந்ததும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செருகும் மோட்டார்களையும் அவருக்கு அனுப்பி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்புட்னிக் போனது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, "இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே விரல்களைக் காப்பாற்றத்தாங்க" என்றார். கேட்டவர் என் கட்டைப் பார்த்தார். "அப்ப இவருக்கு?" நண்பர் கொஞ்சமும் தயங்காமல், "இவர் மரத்துலேர்ந்து விழுந்தவர்" என்றார். அன்றுதான் விழுந்ததற்குப் பிறகு முதல் முறை சிரித்தேன். வலித்தது.

இனி மேசைக்காரர்.

பெயர் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். போடாவிட்டால் மட்டும் உங்களுக்குத் தெரியாதா என்ன. ஏவல் நாளில் ஆய்வு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிற ராக்கெட்டையெல்லாம் வாங்கி, ஃபின் என்கிற வால் இறக்கையை ஆட்டிப் பார்த்து, மூக்குக்கூம்பைக் கழற்றி மாட்டி, விரல்மேல் நிறுத்தி எடை நடுவம் பார்த்து, பேசாமல் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவாரே, அவர்தான். சில சமயம் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தருவாரே, அவரேதான்.

எனக்கு அப்படித் திருப்பித் தந்திருக்கிறார். சி மோட்டாருக்கென்று செய்த ராக்கெட்டில் டி மோட்டார் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கனமான மோட்டார் பின்னால் உட்கார்ந்தால் எடை நடுவமும் பின்னால் வந்துவிடும். ராக்கெட் நேராகப் பறக்க, அது காற்றழுத்த நடுவத்துக்கு, அதாவது காற்றின் விசை மொத்தமாக விழுகிற இடத்துக்கு, குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் படிக்கிற முதல் பாடம். என்னுடையதில் அரை விட்டம்கூட இல்லை. "முன்னாடி கொஞ்சம் களிமண் வெச்சு எடுத்துட்டு வா தம்பி" என்றார். வரிசையில் நின்ற சின்னப் பையன்கள் முன்னால் சொன்னார். நான் களிமண் வைக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் இரண்டு வருடம், வணக்கம் சொன்னால் வணக்கம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

மருத்துவமனைக்கு அவர் ஒரே ஒரு முறை வந்தார். உள்ளேகூட வரவில்லை. கதவருகே நின்று என்னைப் பார்த்து, "வலது கையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை விரல் மடங்குது?" இப்போதைக்கு இரண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது, ஆய்வு மேசையில் கேட்கிற மாதிரி இரண்டு கேள்வி.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே நான்கு பொருள்கள். மரத்தாங்கி ஒன்று: கனமான அடிப்பலகை, அதில் குழாயைச் செங்குத்தாகச் செருகி நிறுத்த ஒரு முளை, ஃபின்னைக் கவ்விப் பிடிக்க ரப்பர் வளையத்தோடு மூன்று தண்டுகள். கட்டி முடித்த சின்ன ராக்கெட் ஒன்று. அதே ராக்கெட்டின் பிரிக்காத கிட் ஒன்று. கடைசியாக ஒரு குறிப்பேடு.

குறிப்பேட்டைத் திறந்ததும், யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. முதல் பக்கத்தில் இரண்டே வரி: "வலது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டியாயிற்று. முடிக்கும்வரை அவிழ்ப்பதில்லை."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

முழு ராக்கெட்டையும் இடது கையால் மட்டும் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு படியையும் அதே இடது கையால் எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கம்: "பசைக்குப்பி. மூடியை மனைவி திறந்தாள்." அதை அடித்துவிட்டுக் கீழே, "ஏமாற்று வேலை. குப்பியை முழங்கால் இடுக்கில் வைத்துத் திருகலாம்." நாலாம் பக்கம்: "மோட்டார் தாங்கியை வெள்ளைப் பசை போட்டுச் செருகாதே. ஒற்றைக் கைக்கு வேகம் போதாது, பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். மெதுவாக இறுகும் எப்பாக்ஸி போடு." கட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு கை இருந்தாலே அந்த இடத்தில் எத்தனை பேர் மாட்டியிருக்கிறோம். ஒன்பதாம் பக்கம்: "ஃபின்னையும் பிடித்து உப்புத்தாளையும் தேய்க்க ஆள் இல்லை. உப்புத்தாளை மேசையோடு ஒட்டிவிடு. ஃபின்னை அதன்மேல் நகர்த்து." பதிமூன்றில்: "முதல் ஃபின் கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். பிய்த்துவிட்டு, தாங்கி செய்தேன்." ஆக, அந்தத் தாங்கி பிறந்த இடம் அந்தப் பக்கம்தான்.

பதினாறாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல். அதையும் கறுப்பாக அடித்திருக்கிறார். என்ன சொல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். மேசைக்காரர் வாயில் அப்படியெல்லாம் வரும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

இருபத்தொன்றில், பாராசூட்டையும் உடம்பையும் இணைக்கிற கயிற்றின் முடிச்சு. "ஒரு முனையைப் பல்லால் பிடித்து இழு" என்று எழுதியிருக்கிறார். உடனே கீழே: "கெவ்லார் நூலைப் பல்லால் இழுக்காதே. உதடு." பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை.

எத்தனையோ பேர் வந்து எல்லாம் சரியாகிவிடும் என்றீர்கள். உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நீங்கள் ஒவ்வொருவரும் போன பிறகு நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகாவிட்டால் என்ன என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியமில்லை, உங்களுக்கும் மனமில்லை. அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்காமல், சரியாகாத கையோடு ஒரு ராக்கெட்டைக் கட்டிப் பார்த்திருக்கிறார். முடிகிறது, இன்ன இன்ன இடத்தில் கஷ்டம், இன்ன இடத்தில் உதடு அறும் என்று எழுதித் தந்திருக்கிறார். ராக்கெட்டோடு ஆய்வுச் சீட்டும் கட்டியிருந்தது. எடை நடுவத்தில் நூல் கட்டிச் சுழற்றிப் பார்த்தது, ஃபின் ஆடாதது, மூக்குக்கூம்பின் இறுக்கம், எல்லாம் குறித்து, அடியில் இடது கைக் கையெழுத்து. இரண்டு வருடம் முன்னால் நான் கோபித்துக்கொண்டு வாங்காமல் போன அந்தக் கையெழுத்து.

கையில் மூன்றாவது விரல் இப்போது கொஞ்சம் மடங்குகிறது. மற்றதைப் பற்றி மருத்துவர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் நச்சரிப்பதில்லை. ஆனால் கட்டு பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் அடுத்த ஏவல் நாளில் ஆய்வு மேசையில் இரண்டாவது நாற்காலி ஒன்று போடுங்கள். விரல்மேல் ராக்கெட்டை நிறுத்த ஒரு கை போதும். யாராவது கனமான மோட்டாரோடு வந்தால் களிமண் டப்பாவை நானே எடுத்துக் கொடுக்கிறேன், பையன்கள் காதில் விழாமல். மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: என் ராக்கெட் இனி மாட்டினால் மாட்டினதுதான். பறவை கூடு கட்டிக்கொள்ளட்டும்.

கிட்டைக் கட்டி முடித்துவிட்டேன், அண்ணே. பதினாறாம் பக்கத்தில் நானும் அதே சொல்லைச் சொன்னேன். மெல்லச் சொல்லவும் இல்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தை நீங்கள் முடிக்காமல் விட்டிருந்தீர்கள். "பாராசூட் மடிப்பது: நுனியை மேசை விளிம்பில் கவ்வியால் பிடித்து, நூல்களைச் சேர்த்து இழுத்து, மடிக்கிற வரைக்கும் வருகிறது. மடித்ததைப் பிடித்துக்கொண்டு நூலைச் சுற்ற இரண்டு கை வேண்டும். எனக்கு வரவில்லை. தெரிந்தால் எழுது." பாதிப் பக்கம் வெற்றாக இருந்தது.

நான்கு நாள் ஆயிற்று. உங்கள் ஒன்பதாம் பக்கத்தை மறுபடி படித்த பிறகுதான் புரிந்தது. கீழே எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து உங்களுடையதைவிட மோசம், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பாராசூட்டில் கொஞ்சம் பவுடர் தூவிக்கொள்ளுங்கள், ஒட்டாது. நூலைச் சுற்றப் போகாதீர்கள். மேசையில் நேராகக் கிடத்திவிடுங்கள். மடித்த பாராசூட்டை அதன்மேல் உருட்டுங்கள். தானாகச் சுற்றிக்கொள்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மரமேறி