டிரங்குப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து உதவிய எல்லோருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் என் அன்பின் வாழ்த்துகள்.

நம் சபையின் வரலாறு புத்தகமாகி உங்கள் கைக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னீர்கள். அந்த நேரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அட்டையில் தொகுத்தவர் என்று என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. வீட்டுக்குப் போனபிறகும் அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

"ஒரு சின்ன ஊர்ச் சபையின் கதையை எழுத இத்தனை வருஷமா? மேலிடத்தில் கேட்டால் பழைய பதிவேடுகளைக் கொடுத்திருக்க மாட்டார்களா?" என்று வெளியார் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்முடையது போன்ற பாப்டிஸ்ட் சபைக்கு அப்படி ஒரு மேலிடம் கிடையாது. பேராயர் இல்லை, அவருடைய அலுவலகம் இல்லை. போதகரை அழைப்பது, அங்கத்தினரைச் சேர்ப்பது, நீக்குவது, ஒழுகுகிற கூரையை மாற்றுவது எல்லாமே சபைக் கூட்டம் கூடி, ஓட்டெடுத்து, தானே தீர்மானிக்கிற காரியம். சங்கங்களும் ஐக்கியங்களும் உண்டு. அவை கூடி ஜெபிக்கவும் சேர்ந்து ஊழியம் செய்யவும் இருக்கின்றனவே தவிர, சபையை ஆள்வதற்கு அல்ல.

இந்தச் சுதந்திரம் நமக்கு எளிதாகக் கிடைத்ததல்ல. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்பவர், விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று முடிவு செய்து, இங்கிலாந்திலிருந்து ஓடிவந்த ஒரு சிறு கூட்டத்தைச் சபையாக்கினார். அந்தக் கூட்டத்தில் இருந்த தாமஸ் ஹெல்விஸ் சில பேரோடு தாய்நாட்டுக்கே திரும்பிப்போய், லண்டனுக்கு வெளியே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு சபையைத் தொடங்கினார். அரசனும் சாகக்கூடிய மனிதன்தான், ஆத்துமாவின் மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை என்று 1612-இல் எழுதி, ஜேம்ஸ் மன்னருக்கே அனுப்பிவைத்தார். சிறைக்குப் போனார். நாம் சபைக் கூட்டத்தில் கையைத் தூக்கி ஓட்டுப் போடும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வரும்.

ஆனால் அதே சுதந்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் பதிவேடுகளின் இரண்டாம் பிரதி வேறு எங்கும் போய்ச் சேராது. ஆக்ஸ்ஃபோர்டில் ரீஜன்ட்ஸ் பார்க் கல்லூரியின் ஆங்கஸ் நூலகம் மாதிரி பாப்டிஸ்ட் வரலாற்றுக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. யாராவது கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அங்கேயும் இருக்கும். இல்லையென்றால் சபைச் செயலாளரின் வீடுதான் காப்பகம். செயலாளர் மாறினால் புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போகும். அவர் இறந்துபோனால் டிரங்குப் பெட்டியின் அடியில் துணிகளோடு கிடக்கும். வீட்டை மாற்றும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போவதும் உண்டு.

ஆகவே என் முதல் நன்றி, பெட்டிகளைத் திறந்த குடும்பங்களுக்கு. சபைக் கூட்டத் தீர்மானங்களை எழுதிவைத்த முதல் நடவடிக்கைப் புத்தகம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நம்மில் பலருக்குத் தெரியும். தாத்தா செயலாளராக இருந்தபோது கொண்டுவந்து வைத்தது, பேத்தி காலம்வரை அசையாமல் இருந்திருக்கிறது. அந்த அக்கா என்னை உட்காரவைத்து, ஒரு பழைய போர்வையைப் பிரித்து, "இதை எடுத்துக்கொண்டு போ. ஆனால் படித்துவிட்டு என் தாத்தாவைத் தப்பாக நினைக்காதே" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. பின்னால் சொல்கிறேன்.

அந்தப் புத்தகத்தின் முதல் பாதி மையால் எழுதியது. பழைய இரும்பு மை, கறுப்பாக எழுதினது பழுப்பாகி, அழுத்தி எழுதின இடங்களில் தாளையே அரித்துவிட்டது. பிற்பாதி பென்சில். பல பக்கங்களில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவன்தான் வழி கண்டுபிடித்தான். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலேயிருந்து காட்டாமல் மேசையோடு மேசையாகப் படுக்கவைத்தான். வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக ஓடியதும், பென்சில் முனை அழுத்தின பள்ளங்கள் நிழலாக எழுந்து நின்றன. முதலில் ஒரு தேதி. அப்புறம், "ஜெபத்துடன் கூட்டம் ஆரம்பமாயிற்று" என்ற வரி. எத்தனையோ வருஷங்களுக்கு முந்தைய ஒரு கை எங்கள் கண்முன்னால் எழுதுவது போல இருந்தது. தம்பி, பரீட்சை நேரத்திலும் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். நீ இல்லையென்றால் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் இல்லை.

கிழிந்த தாள்களில் ஒட்டியிருந்த செலோடேப்பை எடுத்து, மெல்லிய தாளும் மாவுப் பசையும் வைத்துச் சீராக்கிக் கொடுத்த ஐயாவுக்கும் நன்றி. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, காசும் வாங்கவில்லை. "இனிமேல் டேப் ஒட்டினீர்கள் என்றால் நான் வரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். லாமினேட் செய்வதும் கூடாதாம். தயவுசெய்து எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தங்கள் பாட்டன் பூட்டன் பிறந்த தேதி கிடைக்குமா என்று சிலர் கேட்டு வந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளின் பதிவேட்டில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். நம் பதிவேட்டில் கிடைக்காது. நம்முடையது ஒருவர் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, சாட்சி சொல்லி, தண்ணீரில் இறங்கின நாள். பதினைந்து வயதிலும் இறங்கியிருக்கலாம், எழுபது வயதிலும் இறங்கியிருக்கலாம். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு போகாமல் தங்கள் குடும்பக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். புத்தகத்தில் நல்ல பகுதிகள் பல அப்படித்தான் வந்தன. அவர்களுக்கும் நன்றி.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

நடவடிக்கைப் புத்தகத்தில் ஆண்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், கணக்கு வாசித்தவர் பெயர். பெண்கள் வருகிற இடத்தில் "ஒரு சகோதரி" என்றிருக்கும், அல்லது இன்னாரின் மனைவி என்றிருக்கும். "ஞானஸ்நான அங்கிகளை ஒரு சகோதரி தைத்துக் கொடுத்ததற்காக சபை நன்றி செலுத்தியது." யார் அந்தச் சகோதரி?

நாம் மட்டும்தான் இப்படிச் செய்தோம் என்றில்லை. 1792 அக்டோபர் 2-ஆம் தேதி, இங்கிலாந்தின் கெட்டரிங் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் பின்கூடத்தில் சில போதகர்கள் கூடி பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் வங்காளத்துக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரி அங்கே இருந்தார். கொடுப்பதாக வாக்களித்த தொகை மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். வாக்களித்த தொகையை எழுதின சீட்டுகளைப் போட்டது, அங்கே கூடின போதகர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில். டப்பா யாருடையது என்பதுகூட நமக்குத் தெரியும். கூடம் யாருடையது? பீபி வாலிஸின் விதவை என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். பீபி என்பது அவருடைய கணவரின் பெயர்.

ஆனால் நல்ல முன்மாதிரியும் ஒன்று இருக்கிறது. பின்னாளில் பாப்டிஸ்ட் சபையான பிரிஸ்டல் பிராட்மீட் சபை 1640-இல் ஐந்து பேரோடு தொடங்கியது. அதில் முன்னால் நின்றவர் டாரதி ஹேசர்ட் என்ற பெண்மணி. முப்பது வருஷம் கழித்து எட்வர்ட் டெரில் என்ற மூப்பர் சபைப் பதிவேட்டில் அவருடைய பெயரையும் துணிவையும் உட்கார்ந்து எழுதிவைத்தார். எழுதினதால்தான் இன்றைக்கும் தெரிகிறது. நானும் டெரில் மாதிரி செய்யவேண்டும் என்று தீர்மானித்தேன்.

தனியாக முடிந்திருக்காது. நம் மூத்த அம்மாமார்கள் ஐந்து பேர் ஒவ்வொரு புதன்கிழமையும் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்தபின் எனக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தார்கள். நான் பழைய வரிகளை வாசிப்பேன். அவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். "அது அவளாகத்தான் இருக்கும்." "இல்லை, அவள் அப்போது இந்த ஊருக்கே வரவில்லை." சில நாள் வாக்குவாதமாகவே போகும்.

அங்கி விஷயம் இப்படித்தான் தெரிந்தது. மேடைக்கு அடியில் இருக்கிற பழைய ஞானஸ்நானத் தொட்டியைத் திறந்த நாள் அது. பலகைகளை எடுத்ததும் படிக்கட்டில், ஒரு மூலையில், வெள்ளை அங்கி ஒன்று மடித்தபடி கிடந்தது. தொண்ணூறைத் தாண்டிய நம் அம்மா அதைக் கையில் வாங்கி, முகத்தருகே கொண்டுபோகாமல், நேரே விளிம்பைத் தடவினார். "தொட்டுப் பார்" என்று என் விரலை இழுத்து வைத்தார். தையலுக்குள் பட்டாணி அளவில் கனமான ஏதோ வரிசையாக இருந்தது. ஈயக் குண்டுகள். தண்ணீரில் இறங்கும்போது அங்கி மேலே மிதந்து வந்துவிடும், பெண்பிள்ளைகள் கூச்சப்படுவார்கள் என்று, விளிம்பு முழுக்க ஈயம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். "இப்படித் தைக்கிறது ஒருத்திதான்" என்று அம்மா பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் இப்போது புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இப்படிப் பதினொரு "ஒரு சகோதரி"களுக்குப் பெயர் கிடைத்தது. நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை.

அம்மா, உங்கள் ஞாபகத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே நீங்கள் புதன்கிழமைக்கு வந்தீர்கள்.

அடுத்தது, வலிக்கிற பக்கங்கள். அந்த அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்பது இங்கேதான். பழைய பாப்டிஸ்ட் சபைகள் ஒழுங்கு நடவடிக்கையை மறைக்கமாட்டார்கள். மத்தேயு 18-இல் சொன்னபடி முதலில் தனியாகப் போய்ப் பேசுவது, பிறகு இரண்டொருவரோடு போவது, கடைசியில் சபைக்குச் சொல்வது. குடி, கடன், வாக்குவாதம், கர்த்தருடைய பந்திக்கு வராமல் போனது எல்லாம் பெயரோடு இருக்கிறது. அக்காவின் தாத்தா செயலாளராக இருந்து பலரை நீக்கின தீர்மானங்களை எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் தன் சொந்தத் தம்பியை நீக்கினதையும் அவரே எழுதியிருக்கிறார். கையெழுத்து அங்கே மட்டும் கோணலாக இருக்கிறது. ஆறு வருஷத்துக்குப் பின், அதே தம்பி திரும்பச் சேர்க்கப்பட்டதை எழுதின பக்கமும் இருக்கிறது. அக்கா, நான் உங்கள் தாத்தாவைத் தப்பாக நினைக்கவில்லை. நீக்கப்பட்டவர்களின் பெயர்களைப் புத்தகத்தில் நாங்கள் போடவில்லை. உங்கள் குடும்பத்துப் பக்கங்களை மட்டும், நீங்களே சம்மதித்ததால், போட்டோம். அது பெரிய மனசு.

சபை இரண்டாகப் பிரிந்த கதையையும் எழுதவேண்டுமா என்று நீண்ட நாள் பேசினோம். சிலர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில், பிரிந்துபோன சகோதர சபையின் போதகர் தானாகவே தொலைபேசியில் கூப்பிட்டு, "எங்கள் புத்தகத்தையும் கொண்டுவரவா?" என்று கேட்டார். கொண்டுவந்தார். ஒரே இரவின் கூட்டத்தைப் பற்றிய இரண்டு பதிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தோம். நம்முடையதில் "கூட்டம் அமைதியாக முடிந்தது" என்று இருக்கிறது. அவர்களுடையதில், "கண்ணீரோடு வெளியே வந்தோம். விளக்கு அணைக்கப்பட்டிருந்தது" என்று இருக்கிறது. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நம் சபையின் உதவிக்காரர் (டீக்கன்) ஒருவர் எழுந்துபோய் அந்தப் போதகரின் தோளில் கை வைத்தார். இரண்டு பதிவுகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். சகோதர சபையாரே, உங்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

எழுத்துப்பிழை பார்த்த ஆசிரியைக்கும், புகைப்படங்களை ஸ்கேன் செய்தவர்களுக்கும், அச்சகத்தாருக்கும், குறுக்கே நிற்காமல் கதவைத் திறந்துவிட்ட நம் போதகர் ஐயாவுக்கும் நன்றி. என் வீட்டாருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரம் முழுக்கப் பெயர்கள்தான். வாசிக்கும்போது பலர் தாண்டிப்போகிற பகுதி. பெபேயாள், பிரிஸ்கில்லாள், பவுலுக்காகக் கை வலிக்க அந்த நிருபத்தை எழுதின தெர்தியு. இந்த வேலையில் இறங்கினபிறகு என்னால் அதைத் தாண்டிப்போக முடியவில்லை.

முதல் நடவடிக்கைப் புத்தகம் இப்போது சபை இரும்பு அலமாரியில் இருக்கிறது. படம் எடுத்த பிரதிகள் மூன்று தனித்தனி இடங்களில் உள்ளன. ஆற்றங்கரை ஞானஸ்நானப் படத்தைப் பெரிதாக்கி, பின்வாசல் பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதில் முப்பத்திரண்டு பேர் நிற்கிறார்கள். பத்தொன்பது பேருக்குத்தான் பெயர் தெரியும். பக்கத்தில் ஒரு தாளும், நூலில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. உங்களுக்கு யாரையாவது அடையாளம் தெரிந்தால் அவருக்குரிய எண்ணைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள். சந்தேகமாக இருந்தாலும் எழுதுங்கள், புதன்கிழமை அம்மாமார்கள் சரிபார்ப்பார்கள். இரண்டாம் வரிசையில், கையில் துண்டோடு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

கிறிஸ்துவின் அன்பில்,
சபை வரலாற்றைத் தொகுத்த உங்கள் சகோதரி