புதியவன் கொஞ்ச நாள் கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நேற்று போனில் நீ அழுதுகொண்டே பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. பார்க்கிங்கில் திரிந்த ஆண் பூனையை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் உன் பழைய பூனைகள் இரண்டில் மீனு பீரோ மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள், சீனு அவனைத் துரத்தித் துரத்தி அடிக்கிறான், "திரும்பக் கீழேயே விட்டுவிடட்டுமா" என்று கேட்டாய். வேண்டாம்மா. இது சரியாகிவிடும். அவசரப்படாமல் இருந்தால் போதும்.

நாம் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறோம். பூனைக்கு எல்லாம் மூக்குதான். மீனுவைக் கருத்தடை ஆபரேஷன் முடித்துக் கூட்டிவந்த அன்று, கூடப் பிறந்த சீனுவே அவளைப் பார்த்துச் சீறினானே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரி வாடையோடு வந்தவள் அவனுக்கு வேறு யாரோ. கூடப் பிறந்தவளுக்கே அப்படி என்றால், தெருவிலிருந்து வந்தவனை எப்படிச் சும்மா விடுவான்? அதனால் வாசனை முதலில் பழகட்டும், முகம் அப்புறம்.

இன்றைக்கே அவனைச் சின்ன அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடு. தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேயே இருக்கட்டும். கால்நடை டாக்டரிடம் காட்டிக் குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் கேள். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் எஃப்ஐவி, லுகேமியா என்ற இரண்டு வைரஸ்களும் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல். தெருப் பூனைகளுக்கு வரும் பான்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் மிகவும் பொல்லாதது. தொற்றியிருந்தாலும் வெளியே தெரியச் சில நாள் ஆகும். இரண்டு வாரம் தனியே வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அவனைத் தொட்டுவிட்டு வந்தால் கை கழுவிய பிறகுதான் மற்ற இரண்டையும் தூக்க வேண்டும். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவை.

டாக்டர் பரவாயில்லை என்று சொன்ன பிறகு, ஒரு பருத்தித் துணியால் அவன் கன்னத்தை மெதுவாகத் தடவு. பூனைக்கு வாசனைச் சுரப்பி அங்கே இருக்கிறது. அந்தத் துணியை மீனுவின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடு. அதேபோல அவர்கள் துணி அவன் அறைக்குப் போகட்டும். முகர்ந்துவிட்டுச் சாப்பிடப் போனால் நல்லது. சீறினால் இன்னும் தள்ளி வை.

அப்புறம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வை. உப்புப் போடாமல் வேகவைத்த மீனோ கோழியோ, அவர்களுக்கு எது உயிரோ அது. முதலில் கிண்ணங்கள் கதவிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். பதற்றம் இல்லாமல் சாப்பிட்டால் தினமும் கொஞ்சம் கிட்டே நகர்த்து. எதிராளியின் வாசனை வரும்போதெல்லாம் நல்ல சாப்பாடும் வருகிறது என்று அவற்றின் மனதில் பதிய வேண்டும். கதவை ஒட்டி நிம்மதியாகச் சாப்பிடும் அளவுக்கு வந்த பிறகு ஒரு விரல் அளவு கதவைத் திற, அல்லது வலை கட்டி அதன் வழியாகப் பார்க்க விடு. நேரில் விடும்போது ஐந்து நிமிஷம் போதும். விளையாட்டுக் கயிற்றை ஆட்டிக்கொண்டே இரு, சண்டை எதுவும் இல்லாதபோதே பிரித்துவிடு. இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

"அடித்துக்கொண்டு தானே ராசியாகும்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஒரு பெரிய சண்டை நடந்துவிட்டால் அந்தப் பயம் போகவே வெகுநாள் ஆகும். சீறலுக்குப் பயப்படாதே, கிட்டே வராதே என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதற்கு அதட்டவும் கூடாது. காதை மடக்கிக்கொண்டு, கண் இமைக்காமல், அசையாமல் முறைத்தால்தான் கவனம். உடனே நடுவில் ஒரு பெரிய அட்டையை நுழை. கையை மட்டும் விடாதே. உன்னைக் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போ. தெருவில் இருந்தவன், ரேபீஸ் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

மூன்று பூனைக்கு நான்கு மணல் தட்டு வை. வரிசையாக வைத்தால் ஒன்றே வழிமறித்து உட்கார்ந்துகொள்ளும், வெவ்வேறு மூலையில் வை. மீனுவுக்கு உயரமான இடம்தான் தைரியம், அந்த பீரோ மேல் ஒரு துணி விரித்துக் கொடு. ஒரு நாள் முழுக்க அவள் சாப்பிடாவிட்டால் காத்திருக்காதே, பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். சீனு தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். மன அழுத்தத்தில் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்வது உண்டு.

மூன்றும் கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்க்காதே. ஒரே ஹாலில் ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாகப் படுத்தாலே எனக்குச் சந்தோஷம். மீனுவும் சீனுவும் உன்னிடம் முதலில் வந்தவர்கள். காலையில் அவர்களுக்கு முதலில் சாப்பாடு வை, தினமும் அவர்களோடு தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்.

அடுத்த வாரம் போன் செய்யும்போது கிண்ணங்கள் கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று மட்டும் சொல். மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா