தெற்குக் கூரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

சேகர உறுப்பினர்கள் அனைவருக்கும் ஆலயக் கூரைத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஈயத் தகடுகள் திருடுபோன நம் ஆலயத்தின் தெற்குப் பக்கக் கூரை மீண்டும் வேயப்பட்டு, சாரம் பிரிக்கப்பட்டு, கட்டடக் கலைஞரின் இறுதிப் பார்வையும் முடிந்துவிட்டது. நன்கொடை தந்தவர்களுக்கும், கொட்டும் மழையில் கேக் விற்றவர்களுக்கும், ஈயத்துக்குப் பதிலாக எஃகு போடும் எங்கள் முடிவை எதிர்த்துக் கடிதம் கொடுத்தவர்களுக்கும் இப்பணி நடந்த விதத்தைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. தணிக்கை முடிந்த வரவு செலவுப் பட்டியல் வாயில் மண்டபப் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால், இங்கே அதைத் திரும்ப எழுதாமல், அந்தச் செலவுகளுக்குக் காரணமான முடிவுகளை விளக்குகிறோம்.

இங்கிலாந்தின் நம் நார்ஃபோக் மாவட்டத்தில் இடைக்காலத்து ஆலயங்கள் 600-க்கும் மேல் நிற்கின்றன. அவற்றில் பல, நம்முடையதைப் போல, வயல்களுக்கு நடுவே, இரவில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருக்கின்றன. பழைய உலோகத்தை ரொக்கத்துக்கு வாங்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டின் பழைய உலோக வணிகர் சட்டம் சொல்லியும், ஈயக் கூரை வைத்த ஆலயங்கள் கொள்ளைபோவது நிற்கவில்லை. நம் ஆலயத்திலும் ஒரு நவம்பர் இரவில் திருடர்கள் தெற்குக் கூரையின் ஈயத் தகடுகளைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, கல்லறைகளின் மேல் தள்ளி, வண்டியில் ஏற்றிச் சென்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் பெய்த மழையில்தான் நமக்கு அது தெரிந்தது. வாரம் ஒருமுறையாவது கூரையைச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இருந்திருந்தால், அந்த மழைக்கு முன்பே தார்ப்பாய் போட்டிருக்கலாம். அந்தத் தவறு இந்தக் குழுவுடையது. அதன் பின் இரண்டு குளிர்காலங்களைத் தார்ப்பாயின் கீழ் கழித்தோம். அந்த நாட்களில் நனைந்த பெஞ்சுகளைத் துடைத்துவிட்டு அறுப்பின் பண்டிகைக்கு வந்து அமர்ந்த முதியவர்களை நாங்கள் மறக்கவில்லை.

அதிகம் விவாதிக்கப்பட்டது, ஈயத்துக்குப் பதிலாக எஃகு போட்ட முடிவுதான். முன்பிருந்தது போலவே ஈயம் வேய வேண்டும் என்று எழுதியவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஈயம் தலைமுறைகள் தாங்கும். தேய்ந்தாலும் உருக்கி, மணல் படுகையில் வார்த்து, மறுபடி அதே கூரையில் போடலாம். நம் முன்னோர் கையாண்ட பொருளும் அதுவே. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் உலோகத் திருட்டுக்கு ஒரு வரம்பு வரையே பணம் தருகின்றன. இரண்டாம் முறையும் திருடு போனால், இந்தச் சிறிய ஊர் மூன்றாம் கூரைக்குப் பணம் திரட்டும் நிலையில் இருக்காது. எனவே வெள்ளீயப் பூச்சிட்ட துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஈயம் திருடுபோன ஆலயங்களில் இதைப் பயன்படுத்துவதைப் பழங்கட்டடப் பாதுகாப்பை மேற்பார்க்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தும் ஏற்றுக்கொள்கிறது. பழைய இரும்புக் கடையில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு என்பதே அதன் பெரிய காவல். நாளடைவில் அதன் பளபளப்பு மங்கி, ஈயத்தை ஒத்த சாம்பல் நிறத்துக்கு வரும். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவும் செய்யாது.

இழந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர் ஈயத் தகடு 30 கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதே பரப்புள்ள எஃகு ஏறத்தாழ 4 கிலோதான். எடை குறைந்தது பழைய உத்தரங்களுக்கு நல்லது, ஆனால் கடற்காற்று தூக்கிவிடாமல் இருக்கப் பிடிப்புகளை நெருக்கமாக அடிக்க வேண்டியிருந்தது; தகட்டின் அடியில் ஈரம் கோக்காதபடி காற்றோட்ட இடைவெளியும் விட வேண்டியிருந்தது. பலத்த மழையின் ஓசை முன்னைவிடக் கூடுதலாகக் கேட்கிறது என்று சிலர் சொன்னது உண்மை. ஈயத்தோடு போன இன்னொன்று எங்களுக்கு இன்றும் வலிக்கிறது. கூரை வேய்ந்த பழைய தொழிலாளர்கள் தங்கள் காலணியை ஈயத்தின் மேல் வைத்து, சுற்றிக் கோடு கீறி, உள்ளே பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கும் வழக்கம் இம்மாவட்டத்து ஆலயங்களில் உண்டு. நம் கூரையிலிருந்த அத்தகைய தடங்களில், கைப்பிடிச் சுவரின் மூலையில் சிக்கியிருந்த ஒரே ஒரு துண்டு மட்டும் தப்பியது. அதைச் சட்டமிட்டு மணிக்கூண்டின் கீழ் மாட்டியிருக்கிறோம். குழந்தைகள் தங்கள் காலை அதன் பக்கத்தில் தூக்கி வைத்து அளந்து பார்க்கிறார்கள்.

பணி இவ்வளவு தாமதமானதற்கு வௌவால்களே முதற்காரணம் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. அது பாதி உண்மை. இந்நாட்டில் எல்லா வகை வௌவால்களும் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் கீழும் அதன் பின் வந்த விதிகளின் கீழும் பாதுகாக்கப்பட்டவை. அவை அடையும் இடத்தை உரிமம் இல்லாமல் கலைப்பது குற்றம். நம் கூரை மரங்களில் அவை கோடையில் குட்டி ஈனுகின்றன, அந்த மாதங்களில் ஆணி அடிக்க முடியாது. குளிர்காலத்தில் உறங்குகின்றன, அப்போதும் முடியாது. ஆகவே இலையுதிர் காலத்தின் சில வாரங்களே நமக்குக் கிடைத்தன. முதல் ஆண்டு அந்த வாரங்களைத் தவறவிட்டதற்குக் காரணம் வௌவால்கள் அல்ல. ஆலயக் கட்டட வேலைகளுக்கு அனுமதி தரும் பேராய நீதிமன்றத்துக்கு நாங்கள் அனுப்பிய வரைபடங்கள் முழுமையாக இல்லாமல் திரும்பி வந்ததும், அவற்றைத் திருத்தி மீண்டும் 28 நாள் பொது அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்ததும்தான். வௌவால்களின் எச்சமும் சிறுநீரும் பித்தளைக் கல்லறைப் பலகைகளை அரிப்பதால், பீடத்துக்கு மேலே ஒரு மரத் தடுப்பு அமைத்திருக்கிறோம். அவற்றின் நுழைவழிகளை மூடவில்லை.

தகடுகளுக்கு அடியில் கண்டது நாங்கள் எதிர்பார்த்ததைவிட மோசம். சுவரில் பதிந்திருந்த உத்தரங்களின் முனைகள் மூன்று இடங்களில் கையால் பிய்க்கும் அளவுக்கு உளுத்திருந்தன. அது திருட்டால் வந்த சேதமல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டட ஆய்வின் அறிக்கை, மழைநீர் வாய்க்கால் அடைத்திருப்பதை முன்பே குறித்திருந்தும் நாம் கவனிக்காமல் விட்ட நீர் பல ஆண்டுகளாகச் சுவருக்குள் இறங்கியதன் விளைவு அது. உத்தரங்களை முழுவதும் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. 1877-இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியில் நிற்பவர் நம் கட்டடக் கலைஞர். கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய ஓக் துண்டைப் பழைய மரத்தோடு கோத்து இணைத்தால் போதும் என்றார். தச்சர்கள் அப்படியே செய்தார்கள். புதிய மரம் வெளிறித் தெரிவது வேண்டுமென்றே விடப்பட்டது. எது பழையது, எது நாம் செய்தது என்று பின்னால் வருபவர்கள் அறிய வேண்டும்.

வரியைப் பற்றிப் பலர் கேட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமானாலும் பழுதுபார்ப்புக்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. 2001 முதல் வழிபாட்டிடங்களுக்கு இந்த வரியை மானியமாகத் திருப்பித் தந்த அரசுத் திட்டத்துக்கு 2025-இல் ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதாவது வரி நீங்கலாக 1,25,000 பவுண்டு வரையிலான பணிக்கே வரி முழுவதும் திரும்பியது. அத்திட்டம் 2026 மார்ச்சு வரைதான் என்றும், ஒதுக்கிய தொகை தீர்ந்தால் அதற்கு முன்பே நின்றுவிடும் என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வரம்புக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகவே வடக்குப் பக்கக் கூரையை இம்முறை தொடவில்லை.

வடக்கில் இன்னும் ஈயம் இருக்கிறது. அதன் தகடுகளில், திருடுபோனால் எங்கிருந்து எடுத்தது என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத அடையாளத் திரவம் பூசி, அதைச் சொல்லும் பலகையைக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் மாட்டியிருக்கிறோம். பக்கத்து வீட்டார் இருவர் மாலை நடையில் கூரையைப் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழைநீர் வாய்க்கால்களை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்வது என்று குழு தீர்மானித்திருக்கிறது. முதல் சுத்தம், லிண்டன் மரங்கள் இலை உதிர்த்து முடிந்த சனிக்கிழமை காலையில் நடக்கும். ஏணி பிடிக்க நான்கு பேர் வேண்டும். ஞானஸ்நானத் தொட்டியின் அருகே ஒரு தாள் வைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போகக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கூரைத் திருப்பணிக் குழுவினர்