ஹால் சுவருக்கு எந்தப் பூச்சு?

அன்புள்ள கண்ணுக்கு,

ஹால் சுவருக்கு எந்தப் பூச்சு போடலாம் என்று கேட்டு நீ அனுப்பிய நான்கு படத்தையும் பார்த்தேன். நான்கும் பளபளக்கின்றன, ஆனால் நான்கும் வேறு வேறு சரக்கு. பளபளப்பை வைத்து முடிவு பண்ணாதே. எந்தச் சுவர், அதில் ஓதம் (ஈரக் கசிவு) உண்டா, யார் கை வைக்கும் இடம் என்று பார்த்துவிட்டுப் பூச்சுக்கு வா.

முதல் படம் செட்டிநாட்டுப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், கடைசிக் கைக்கு, அதாவது கடைசி அடுக்குக்கு, முட்டை வெள்ளைக்கரு. காரைக்குடிப் பக்கம் செங்கல் சுவரில் கை மேல் கையாக ஏற்றுவது அது. உன் ஃபிளாட்டில் இருக்கிற சிமென்ட் பூச்சின் மேலேயே அத்தனை கனமும் ஏறினால் சுவிட்ச் பெட்டியும் கதவு நிலையும் உள்ளே போய்விடும். பழைய பூச்சைக் கொத்தியெடுக்கத் தயார் என்றால் மட்டும் யோசி.

இரண்டாவது, மருமகள் பாத்ரூமுக்குக் கேட்ட தடெலக்ட், மொராக்கோ வேலை. ஈரச் சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு பூசுவார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத படலமாகிவிடும். பழகிய கை இல்லாமல் தொடாதே. ஒரு முடி விரிசல் போதும், தண்ணீர் பின்னால் இறங்கும்.

மூன்றாவது, டப்பாவில் வெனிஸ் பூச்சு என்று விற்கும் அக்ரிலிக். பெயின்டரே அடித்துவிடுவார், செலவும் குறைவு. ஆனால் அது பிளாஸ்டிக் படலம், ஓதமுள்ள சுவரில் கொப்பளித்து உரியும்.

உன் ஹாலுக்கு நான் சொல்வது நான்காவது: நீற்றிய சுண்ணாம்பு விழுதும் பளிங்குத் தூளும் சேர்ந்த அசல் வெனிஸ் பூச்சு. அதுவும் சோபாவுக்கு எதிர்ச் சுவருக்கு மட்டும். சாப்பாட்டு மேஜைப் பக்கம் வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எது தெறித்தாலும் சுண்ணாம்பை அரித்துவிடும். அது கறை இல்லை, துடைத்தால் போவதற்கு. மேற்பரப்பே செத்துப்போய் மங்கலாக நிற்கும்.

முதலில் ஓதம் பார். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்தால் கசிவைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் போடாதே. வயருக்குக் காடி வெட்டுவது, டிவி மாட்ட ஓட்டை போடுவது எல்லாம் இப்போதே முடியட்டும். பின்னால் வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டு தனியாகத் தெரியும்.

இரவில் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார். மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். பளபளப்பு ஏறினால் அது இரட்டிப்பாகத் தெரியும், அதனால் மட்டப்பலகை வைத்து இப்போதே சரிசெய்யச் சொல். பழைய எமல்ஷனைச் சுரண்டி, லொடலொடக்கும் பட்டியை (பெயின்டுக்கு அடியில் தடவும் புட்டி) எடுத்துவிட்டு, குவார்ட்ஸ் மணல் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். காய்ந்தபின் தடவினால் உப்புத்தாள் போல உறுத்தணும். வழுவழுப்பான பட்டியில் சுண்ணாம்புக்குப் பிடிமானம் கிடையாது.

அந்தச் சுவர் 12 அடிக்கு 10 அடி என்றால் சுமார் 11 சதுர மீட்டர். மொத்தக் கனம் 1 மி.மீ. என்றாலே 11 லிட்டர் விழுது, சேதாரத்தோடு 13 வாங்கு. நிறம் சுண்ணாம்புக்கு ஒத்துப்போகும் ஆக்சைடு நிறப்பொடியாக இருக்கட்டும். முழுச் சரக்கிலும் ஒரே தடவையாகக் கலக்கணும். இரண்டாம் கலவை முதல் கலவையின் நிறத்துக்கு வராது. காய்ந்ததும் நிறம் நன்றாக வெளுக்கும், ஈரத்தில் பார்த்துச் சரி சொல்லிவிடாதே.

பூசும் அன்று ஃபேன், ஏசி இரண்டும் அணைந்திருக்கணும். வேகமாக உலர்ந்தால் வலைவலையாக வெடிக்கும். இரண்டு மூன்று மெல்லிய கை. நடுச்சுவரில் நிறுத்தினால் இணைப்புக் கோடு விழும், மூலை வரை ஒரே ஓட்டமாகப் போக இரண்டு ஆள் வேண்டும். கடைசிக் கையில் ஈரப் பளபளப்பு அடங்கி, விரல் வைத்தால் ரேகை பதியாத நேரத்தில்தான் பூச்சுக் கரண்டியை ஏறக்குறையப் படுக்கவைத்து அழுத்தித் தேய்க்கணும். முந்தினால் விழுது கரண்டியோடு உரிந்து வரும். பிந்தினால் எவ்வளவு தேய்த்தாலும் மெருகு வராது, கருங்கீறல்தான் மிஞ்சும். வெள்ளைச் சுவருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி என்று கறாராகச் சொல். சாதா இரும்பு கறுப்புத் தீற்றல் விடும்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும். மெழுகு பூச மூன்று நான்கு வாரம் பொறு. பூசும் அன்று குழந்தையை அந்தப் பக்கம் விடாதே, ஈரச் சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். வேலையாட்களுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடு.

முன்பணம் கொடுப்பதற்கு முன், இதே பிரைமர் மேல் இரண்டடிச் சாம்பிள் பலகை ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கேள். வந்ததும் ஜன்னலோரம் சாய்த்துப் பகலில் ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் ஒன்று படமெடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா