மெத்தை மட்டும் வர வேண்டாம்

நாகர்கோவில்,
ஐப்பசி 9.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இரண்டு பக்கம் ரப்பர் விலையையும் மழையையும் பற்றி எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில், யாரேனும் எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தவனைப் போலப் பொடி எழுத்தில், மார்த்தாண்டத்தில் மகள் குடியிருக்கும் வாடகை வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்த எழுத்தின் அளவைப் பார்த்துச் சிரித்தேன். உடனே சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் வீட்டு மாடியில் அதே பூச்சி வந்தபோது நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்று உனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகளையும் பேரனையும் திருவட்டாறுக்கு அழைத்து வரப் போவதாகவும், கட்டில், மெத்தை, துணி எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றி வந்து உன் வீட்டுச் சாய்ப்பில் போட்டுவைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் தாராளமாக வரட்டும். கட்டிலும் மெத்தையும் வர வேண்டாம். உடுத்தும் துணிகளை மட்டும் பாலிதீன் பையில் இறுகக் கட்டிக் கொண்டுவந்து, வீட்டுக்குள் அவிழ்க்காமல் முற்றத்தில் வைத்தே நெல் அவிக்கும் அண்டாவில் கொதிக்கக் கொதிக்கப் போட்டு எடுக்கச் சொல். 48 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தால் பூச்சியும் முட்டையும் சேர்ந்து செத்துவிடும் என்பது சோதித்து அறிந்த கணக்கு. கொதிநீரில் அதற்குச் சில நொடிகளே போதும். மருமகன் மட்டும் மார்த்தாண்டத்திலேயே, அதே அறையில், அதே கட்டிலில் படுக்க வேண்டும். இதைப் படித்ததும் நீ என்னைத் திட்டுவாய் என்று தெரியும். ஆனால் படுக்க ஆள் இல்லாத அறையில் மூட்டைப்பூச்சி பட்டினியால் சாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அது ஆளைத் தேடி அடுத்த அறைக்கும், சுவர் ஒட்டிய வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கும் நடந்து போய்விடும். நாம் சிகிச்சை செய்யப்போகிற இடத்திலேயே அது நிற்க வேண்டுமானால், அங்கே ஒரு மனிதர் படுத்திருக்க வேண்டும்.

இனி என் கதை. மாடிப் பகுதியை, ஆசாரிப்பள்ளத்தில் வேலை பார்க்கும் மூன்று செவிலியர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன் அல்லவா? அவர்கள் குடிவந்த ஆறாவது வாரம், அவர்களில் ஒரு பெண் முழங்கைக்குக் கீழே வரிசையாக மூன்று தடிப்புகளுடன் வந்து நின்றார். மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லை. கொசு என்றேன், வேர்க்குரு என்றாள் என் மனைவி, சிரங்காக இருக்குமோ என்று அந்தப் பெண்ணே சந்தேகப்பட்டு, விரலிடுக்கில் அரிப்பு இல்லாததால் அதுவும் இல்லை என்றார். ஒரே படுக்கையில் இருவரைக் கடித்தாலும் ஒருவருக்குத் தடிக்கும், மற்றவருக்கு அடையாளமே தெரியாது என்பதும், சிலருக்குத் தடிப்பு சில நாட்கள் கழித்தே எழும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. விளக்கை அணைத்து, விடியற்காலை மூன்றரை மணிக்குத் திடீரென்று டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், தலையணை ஓரத்தில் ஆப்பிள் விதை அளவில் ஒன்று, வயிறு நிறையக் குடித்துவிட்டு நகர முடியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று நான் செய்த காரியத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், ஊர் ஊராகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்வருபவர்கள், அவர்கள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, மருந்தடிக்கும் செலவை அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. கட்டிலைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று மட்டும் சொன்னார்.

கட்டில் அயனி மரம். மாடியை வாடகைக்கு விடுவதற்காக நானே பழைய சாமான் கடையில் விலை பேசி வாங்கிப் போட்டது. நல்ல உறுதியான கட்டில் மலிவாகக் கிடைத்தது என்று உன்னிடம்கூடப் பெருமை பேசியிருக்கிறேன். குறுக்குப் பலகைகளைத் தூக்கி, தலைமாட்டுச் சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றியதும் பொருத்து முழுவதும் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. அவை பூச்சியின் எச்சம். செரித்த இரத்தம் என்பதால் ஈரத்துணியால் துடைத்தால் துருச் சிவப்பாகக் கரையும். அவற்றோடு, பொரித்து வெறும் ஓடான முட்டைகளும், சின்னதும் பெரியதுமாக உரித்துப் போட்ட தோல்களும் குவிந்து கிடந்தன. மூட்டைக்குஞ்சு வளர்ந்து பெரிதாவதற்குள் ஐந்து முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்பும் அதற்கு ஒரு வேளை இரத்தம் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில்கூட முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு அடுக்கு, அவ்வளவு தோல், ஆறு வாரத்தில் சேரக்கூடியது இல்லை. கடையிலிருந்து கட்டிலோடு பூச்சியையும் நானே குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மருந்துச் செலவை நானே ஏற்றுக்கொண்டு ஒரு மாத வாடகையையும் திருப்பிக் கொடுத்தேன். இருவர் தங்கினார்கள், கட்டிலைக் கழற்றச் சொன்ன பெண் அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

ஆகவே வீட்டுக்காரரோடு மகள் சண்டைக்குப் போவதற்கு முன்பு, இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலைக் கழற்றுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய்க்கு வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். மூட்டையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வதே வழி. நான் இப்போது குடிவருபவரையும் நிறுத்திவைத்துக் கட்டிலைத் திறந்து காட்டி, இருவருமாகப் பார்த்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். முதல் மூன்று மாதத்துக்குள் பூச்சி தென்பட்டால் செலவு என்னுடையது. சந்தேகம் வந்த அன்றே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை. நம் பக்கத்தில் மூட்டை என்றாலே அழுக்கு வீடு என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து இரண்டு மாதம் வாய் திறக்காமல் இருப்பவர்களால்தான் ஒரு கட்டிலில் இருந்தது வீடு முழுக்கப் பரவுகிறது. அதற்கு வேண்டியது இரத்தமும் ஒளிந்துகொள்ள ஒரு விரிசலும்; தரையை நீ தினமும் மூன்று முறை துடைத்தாலும் அதற்குக் கவலை இல்லை. நோய் எதையும் அது மனிதருக்குப் பரப்புவதாக நிரூபணமாகவில்லை என்பதையும் என் மைனியான உன் மனைவியிடம் சொல். அவள் பேரனை நினைத்துக் கலங்கிக்கொண்டிருப்பாள்.

மருந்து விஷயத்தில் நீ எழுதியது என்னைப் பயமுறுத்தியது. நெல்லுக்குப் போடும் மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைத்து ஓர் இரவு அறையைப் பூட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக வெளிவரும். பூட்டிய கதவின் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய், தூங்குகிறவர்களைக் கொல்லும். அதற்கு முறிமருந்து கிடையாது. பொதுமக்களுக்கு அதை விற்கவே அனுமதி இல்லை. அந்தப் பொட்டலம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. டைகுளோர்வாஸ் திரவம் வேண்டுமா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல். 2020 டிசம்பர் 31-உடன் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மண்ணெண்ணெய் நம் அம்மாக்கள் காலத்து வைத்தியம். பட்ட பூச்சியைக் கொல்லும்; படாததை ஒன்றும் செய்யாது; மெத்தையில் ஊற்றினால் ஒரு தீக்குச்சி போதும்.

கடையில் விற்கும் சாதாரணத் தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. அதற்கு மூட்டை பல நாடுகளில் பழகிவிட்டது. இப்படிப் பழகுவது அதற்குப் புதிதும் இல்லை. சிறு வயதில் மலேரியாக்காரர்கள் வீடு வீடாக வந்து டி.டி.டி. அடித்துவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும். 1947-லேயே ஹவாய்த் தீவில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. தொழில் தெரிந்தவரை அழைப்பதானால் இரண்டு கேள்வி கேள்: என்ன மருந்து அடிக்கப் போகிறீர்கள், இரண்டாம் முறை வருவதும் இந்தத் தொகைக்குள் அடங்குமா? பெரும்பாலான மருந்துகள் முட்டைக்குள் இறங்குவதில்லை. முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரியும். ஆகவே இரண்டு வாரத்தில் மறுபடி வராதவருக்குக் கொடுக்கும் பணம் பாதி வீண்.

உண்மையான வேலையை மருந்து செய்யவில்லை, திருப்புளியும் கொதிநீரும் செய்தன. கட்டிலின் ஒவ்வொரு பொருத்தையும் பிரித்து, துளைகளில் கெட்டிலிலிருந்து மெல்லிய தாரையாக வெந்நீர் ஊற்றினோம். மெத்தையின் தையல் ஓரங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உதிர்ந்ததைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். சுவர்க்கடிகாரத்தின் முதுகு, நாட்காட்டியின் மட்டை, வயர் பின்னிய நாற்காலி, சுவிட்சுப் பெட்டியின் மூடி (மெயினை அணைத்துவிட்டு, தண்ணீர் படாமல்) எல்லாம் பார்க்க வேண்டும். வெயிலில் போடு என்று உன் அண்ணன் சொல்வார். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் மாறி மாறிப் பெய்கிற நம் மாவட்டத்தில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் தடித்த மெத்தையின் நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். மெத்தை மிகவும் பழுதாக இருந்தால் கிழித்து எறியுங்கள், ஆனால் கிழிக்காமல் தெருவோரம் வைத்துவிடாதீர்கள். யாரேனும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

கட்டில் கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைக்கும் பழக்கம் நல்லதுதான். கட்டில் சுவரைத் தொடாமலும், போர்வையும் கொசுவலையும் தரையில் புரளாமலும் இருந்தால் மட்டுமே அது உதவும். பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து எத்தனை விழுகிறது என்று எண்ணிப் பார்க்கவும் செய்யலாம். ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வாழும் இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ், குளிர்நாட்டு இனத்தைவிட வழவழப்பான பரப்பில் நன்றாக ஏறும். ஆகவே கிண்ணத்தின் உட்சுவரில் முகப்பவுடரை மெல்லியதாகத் தடவிவிடு. இந்தக் கிண்ணங்களில் ஆறு வாரம் தொடர்ந்து ஒன்றும் விழாமலும், யாருக்கும் கடி இல்லாமலும் இருந்த பிறகுதான் எங்கள் மாடியை நான் நம்பினேன். அதற்குள் மூன்று சுற்று வேலை ஆகிவிட்டது. முதல் சுற்றோடு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாயாசம் வைத்த என் மனைவி, பதினொன்றாம் நாள் தலையணை உறையில் எள் அளவுக் குஞ்சு ஒன்றைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை மார்த்தாண்டம் வருகிறேன். திருப்புளி, டார்ச், பல்துலக்கி எல்லாம் என்னிடம் இருக்கின்றன; ஒரு பெரிய கெட்டிலும் கறுப்புப் பாலிதீன் பைகளும் மட்டும் மருமகன் வாங்கிவைக்கட்டும். வேலை முடிந்து மாலையில் திருவட்டாறு வந்தால், கிணற்றடியில் குளித்து உடை மாற்றிய பிறகே உள்ளே நுழைவேன், பையையும் முற்றத்திலேயே வைத்துவிடுவேன். மைனி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்