கழுவி வைத்த சர்க்கரைக் கிண்ணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொலையாளி தெரிந்துவிட்டால் மர்ம நாவல் முடிந்தது என்று புத்தகப் பகுதியில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஷெர்லி ஜாக்சன் 1962-இல் வெளியிட்ட ‘வி ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் தி காசில்’ நாவலில், சர்க்கரையில் கலந்த ஆர்சனிக்கால் ஒரே வேளை உணவில் ஒரு குடும்பத்தின் நால்வர் இறந்திருக்கிறார்கள். போலீஸ் வருமுன் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டாள் மூத்த மகள் கான்ஸ்டன்ஸ். அதில் சிலந்தி கிடந்ததாம்! வழக்கில் விடுதலையான பின்னும் ஊர் அவளை விடவில்லை. விஷம் வைத்தது யார் என்பதை நாம் ஊகித்துவிடலாம். அதன் பிறகுதான் பயம் கூடுகிறது. யாரைக் காக்க அவள் வாய் திறக்கவில்லை? அது அன்பா, குற்றத்துக்குத் துணையா? இரண்டு பெண்களை வளர்த்த எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இத்தகைய நாவல்களைப் பற்றியும் எழுதுங்கள்.

– ஒரு வாசகி, மதுரை