பருவ முடிவுக் கடிதம்: நிரல் போட்டி குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் இனிதே முடிந்தது. தேர்வு முடிவுகள் மனநிறைவு தருகின்றன. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. பேச்சுப் போட்டியில் வென்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாயையும் மாற்றிவிட்டோம்.

இனி எழுதப்போவது சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருவத்தின் கடைசி வாரத்தில் கணினி நிரல் (புரோகிராம்) எழுதும் போட்டி ஒன்று நடத்தினோம். நம் பள்ளியில் படித்து, நிரலாளராகி, சென்ற ஆண்டு 31 வயதில் நோயால் மறைந்த மாணவனின் நினைவாக நடந்த போட்டி அது. அவன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. "அவன் எழுதிய நிரல்களின் முதல் வரியில் பெயர் இருக்கிறது, அது போதும்" என்று அவனுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். 'அவர்' என்று எழுதத் தொடங்கினேன், கை வரவில்லை. எட்டாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவன் நான்.

மதிப்பெண்ணில் நடுத்தரம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கணக்கு புரியும்வரை தன் நோட்டை மூடமாட்டான். வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் இங்கே வந்து பழைய கணினிகளைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பான். நம் நூலகத்தில் இன்றும் ஓடும் நிரல் அவன் எழுதியது. புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால், அது சரியான எண்தானா என்று முதலில் சோதிக்கும். அந்த எண்ணில் 13 இலக்கங்கள். அவற்றை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ பிழை. ஏன் 3? எல்லாவற்றையும் 1-ஆல் பெருக்கினால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, தவறு தெரியாமல் போய்விடும். இந்த முறையிலும், இடம் மாறிய இலக்கங்களின் வித்தியாசம் 5 என்றால் பிழை தப்பிவிடும். அந்த ஓட்டையைக்கூட மறைக்காமல் நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதிவைத்திருக்கிறான்.

தவறான எண்ணைத் தட்டினால் மற்ற நிரல்கள் சிவப்பு எழுத்தில் 'பிழை' என்று முகத்தில் அடிக்கும். அவனுடையது இப்படிச் சொல்லும்: "ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். அவசரமில்லை, பின்னட்டையை இன்னொரு முறை பாருங்கள்." எதற்கு இவ்வளவு நீளம் என்று ஒருமுறை கேட்டேன். "தப்பாகத் தட்டியவர் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பார் சார், கணினியும் சேர்ந்து திட்ட வேண்டுமா?" என்றான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகளை எப்போதும் இடம் மாற்றித்தான் எழுதுவான். இலக்கம் இடம் மாறுவதைப் பிடிக்க நிரல் எழுதியவனுக்கு எழுத்து இடம் மாறுவது கண்ணில் படாது! கேலி செய்தால் பதில் தயாராக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை இணையதளத்துக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற சொல்லே ஓர் எழுத்து குறைவாக இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிகளைச் சொல்லும் 1996-ஆம் ஆண்டின் எச்.டி.டி.பி. ஆவணத்தில் ஏறி, இன்றுவரை உலகம் முழுக்க அப்படியேதான் இருக்கிறது என்பான். உண்மைதான்.

போட்டிக்கு வருகிறேன். 22 படைப்புகள் வந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் புத்தக எண்ணைச் சரிபார்க்கும் நிரல் ஒன்றைத் திரையில் ஓடவிட்டார். நன்றாகவே ஓடியது. "ஏன் 3-ஆல் பெருக்குகிறோம்?" என்று நடுவர் கேட்டார். மாணவர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து அவருடைய தந்தை, "அதுதான் சூத்திரம்" என்றார். நிரலை மேலும் கீழிறக்கிக் காட்டச் சொன்னோம். அந்த 'ரிசீவ்' அங்கே இருந்தது, இரண்டு எழுத்துகள் இடம் மாறி. முதல் வரியில் அவன் பெயர் மட்டும் இல்லை. வேறு பெயர் இருந்தது.

முன்வரிசையில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தோடு தனியாகப் பேசிவிட்டேன், அது முடிந்த விஷயம். யார் என்று தேட வேண்டாம். ஆனால் பிறகு எங்கள் கணினி ஆசிரியர் சோதித்ததில் மேலும் ஆறு படைப்புகள் இதே வகை. பிள்ளைக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. நானும் என் மகளின் அறிவியல் படத்துக்கு இரவு பதினொரு மணிக்கு வண்ணம் தீட்டியவன்தான்.

இருந்தாலும் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்னொருவர் உழைப்பின் மேலிருக்கும் பெயரை அழித்துவிட்டு நம் பிள்ளையின் பெயரைப் போடுவது உதவி அல்ல, திருட்டு. அதைப் பிள்ளையின் கண்ணெதிரில் செய்வது அதைவிட மோசம். இனி அப்படி வரும் படைப்பு போட்டியிலிருந்து நீக்கப்படும். பெற்றோரும் என் அறைக்கு வர வேண்டியிருக்கும்.

எடுத்தாளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரலாளர்கள் அன்றாடம் ஒருவர் எழுதியதை ஒருவர் எடுத்துத்தான் வேலை செய்கிறார்கள். அவன் தன் நிரல்களை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டிருந்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கேட்பது ஒன்றே ஒன்று: உரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காதீர்கள். டெபியன் என்ற கணினி இயங்குதளத்தை 1993-இல் தொடங்கிய இயன் மர்டாக் 2015-இல் 42 வயதில் இறந்த பிறகு, 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். அந்தத் துறையில் இறந்தவரை நினைப்பது இப்படித்தான். நாங்கள் அவன் நினைவாகப் போட்டி வைத்தோம், அவன் பெயரையே அழித்துக் கொடுத்தீர்கள்.

கோபம் அவ்வளவுதான். ஏழு மாணவர்களும் அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் திரும்பச் சமர்ப்பிக்கலாம், மதிப்பெண் குறையாது. எது எங்கிருந்து எடுத்தது, எது தானே எழுதியது, எது புரியவில்லை என்று மேலே நான்கு வரி இருந்தால் போதும். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதைச் சொல்லாமலேயே செய்திருந்தாள்: "நான்காவது வரி அக்கா எழுதியது. ஏன் என்று எனக்குத் தெரியாது." நிரல் பாதியில் நின்றுவிட்டது, நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று நாற்காலி எடுத்துப்போட்டு உதவிய பெற்றோருக்கும், அவன் அம்மாவை வாசல்வரை கைப்பிடித்து அழைத்துச் சென்ற தாய்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையை நன்றாகக் கழியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நூலக நிரலில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தித் தருவதாக இரண்டு பெற்றோர் சொன்னார்கள். நன்றி. அது அப்படியே இருக்கட்டும்.